விரலுக்கு முன்னால் ஓடும் கண்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட அமெரிக்கக் கல்லூரிக் கடிதங்களில், கையொப்பத்துக்குக் கீழே இடது ஓரத்தில் ஒரு சிறு குறி இருக்கும். பெரிய ஆங்கில எழுத்துகள் இரண்டோ மூன்றோ, ஒரு முக்காற்புள்ளி, அதையடுத்துச் சிறிய எழுத்துகள் இரண்டு. பெரியவை கடிதத்தை வாயால் சொன்னவரின் தலைப்பெழுத்துகள். சிறியவை அதைக் கேட்டு எழுதித் தட்டச்சு செய்தவருடையவை. சொன்னவர் பெரும்பாலும் ஆண். தட்டச்சு செய்தவர் ஏறக்குறைய எப்போதும் பெண். 1950 வாக்கில் அந்நாட்டில் செயலர், சுருக்கெழுத்தர், தட்டச்சர் வேலைகளில் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பெண்களே.

கணினியும் நகலெடுக்கும் இயந்திரமும் இல்லாத காலத்தில் அந்தப் பெண்கள் ஒரு கல்லூரியையே காகிதத்தில் நடத்தினார்கள். அவர்கள் மேசைமேல் இருந்த கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எதுவுமே முழுமையான இயந்திரம் கிடையாது. ஒவ்வொன்றும் வேலையைப் பாதியில் விட்டுவிடும். மீதியைப் பழகிய ஒரு கை முடித்துக் கொடுத்தாக வேண்டும். அந்த மீதிப் பாதிக்குள் எவ்வளவு இயற்பியல், எவ்வளவு வேதியியல், எவ்வளவு மூளை வேலை இருந்தது என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

சீடர் ஃபால்ஸ் என்ற ஊர்

அப்படிப்பட்ட கல்லூரிகளில் ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சீடர் ஃபால்ஸில் 1876இல் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டிய இல்லம்தான் அதன் முதல் கட்டடம். அக்கால வழக்கப்படி அதற்கு ‘நார்மல் ஸ்கூல்’ என்று பெயர். நம் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும் அப்படி ஒரு நார்மல் ஸ்கூலாகத் தொடங்கியதுதான். 1909இல் சீடர் ஃபால்ஸ் பள்ளி அயோவா மாநில ஆசிரியர் கல்லூரி ஆனது. 1961 வரை அந்தப் பெயர் இருந்தது. இன்று அது வடக்கு அயோவா பல்கலைக்கழகம்.

ஆசிரியர் கல்லூரியின் அலுவலகத்துக்கு மற்றக் கல்லூரிகளைவிடக் காகித வேலை அதிகம். வகுப்பு, தேர்வு, கட்டணம், விடுதி எல்லாம் எல்லாருக்கும் பொது. படிப்பை முடித்தவரைப் பள்ளிகளுக்கு அறிமுகப்படுத்தும் வேலை ஆசிரியர் கல்லூரிக்கு மிக முக்கியம். அதற்கென்றே தனி வேலைவாய்ப்புப் பிரிவு இருக்கும். ஒரு மாணவியின் மதிப்பெண், பயிற்சி வகுப்பில் அவர் பாடம் நடத்திய விதம் பற்றிய அறிக்கை, பேராசிரியர்களின் பரிந்துரைகள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கி, ஆள் கேட்கும் பள்ளி நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். பத்துப் பள்ளிகள் கேட்டால் பத்துக் கட்டு. 1944இல் வந்த ஜி.ஐ. சட்டம் இந்தச் சுமையைப் பல மடங்காக்கியது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசே கல்லூரிக் கட்டணம் செலுத்தும் சட்டம் அது. அதைக் கொண்டு ஏறத்தாழ 22 லட்சம் பேர் அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அரசாங்கத்தோடு தனிக் கணக்கு, தனிச் சான்று.

அதற்கு முன்பே சீடர் ஃபால்ஸ் வேறொரு வகையில் அலுவலக வேலையின் பயிற்சிக்கூடமாக இருந்திருக்கிறது. 1942 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை பெண்களுக்கென ‘வேவ்ஸ்’ என்ற பிரிவைத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் அதன் பயிற்சிப் பெண்கள் இந்தக் கல்லூரி வளாகத்துக்கு வந்தார்கள். முதலில் நடந்தது அடிப்படைப் பயிற்சி. 1943இல் அது நியூயார்க்குக்கு மாறிய பின், சீடர் ஃபால்ஸ் கடற்படை எழுத்தர்களுக்கான பள்ளியாக மாறியது. ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் தங்கி, தட்டச்சும் சுருக்கெழுத்தும் கோப்பு முறையும் படித்தார்கள். ஒரு பெண் மேசையில் உட்கார்ந்தால் கப்பலுக்குப் போக ஓர் ஆண் கிடைப்பான் என்பது கடற்படையின் கணக்கு.

ஒலியைப் பிடிப்பது

காகித வேலையின் முதல் படி காது. சாதாரணமாகப் பேசுபவர் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் பேசுவார். கையால் ஆங்கிலம் எழுதுபவர் 30 சொற்களைத் தாண்டினாலே பெரிது. இந்த நான்கு மடங்கு இடைவெளியை அடைக்க வந்தது சுருக்கெழுத்து.

இந்தியாவும் இங்கிலாந்தும் பழகியது ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட முறை. அமெரிக்க அலுவலகங்களில் ஆட்சி செய்தது அயர்லாந்தில் பிறந்த ஜான் ராபர்ட் கிரெக் 1888இல் வெளியிட்ட முறை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: எழுத்துக்கூட்டலை விட்டுவிடு, ஒலியை மட்டும் எழுது. ‘த்ரூ’ என்று ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஏழு எழுத்து; ஒலியோ மூன்றுதான். மீதி நான்கும் வெறும் பாரம்.

பிட்மன், ஒன்றுக்கொன்று இணையான ஒலிகளைக் கோட்டின் தடிமனால் பிரித்தார். மெல்லிய கோடு ‘ப’ என்றால் அதே கோட்டை அழுத்தி எழுதினால் ‘ப’வின் அதிர்வொலி. கிரெக் தடிமனை ஒதுக்கிவிட்டு நீளத்தை எடுத்துக்கொண்டார். ‘ர’வுக்குச் சிறு வளைவு, ‘ல’வுக்கு அதே வளைவு நீளமாக, ‘ந’வுக்குச் சிறு கோடு, ‘ம’வுக்கு நீண்ட கோடு. அந்த வளைவுகள் நீள்வட்டத்தின் துண்டுகள். கை இயல்பாக எழுதும்போது சாய்ந்த நீள்வட்டப் பாதையில்தான் ஓடுகிறது; கோடு ஓரிடத்தில் முறிந்து திரும்பினால் கை நின்று மறுபடி வேகம் எடுக்க வேண்டும். நிறுத்தம் குறைந்தால் வேகம் கூடும். அடிக்கடி வரும் சொற்களுக்கு இன்னும் குறுகிய தனிக்குறிகள் உண்டு.

சுருக்கம் எதையோ இழக்காமல் கிடைப்பதில்லை. ஓடும் கையில் சிறு வளைவுக்கும் நீள வளைவுக்கும் உள்ள வேறுபாடு மங்கும். ஒரே குறி இரண்டு மூன்று சொற்களுக்குப் பொருந்தும். எது என்று தீர்மானிப்பது குறிப்பேட்டில் இல்லை. எழுதியவரின் நினைவிலும், அந்தத் துறைத் தலைவர் எப்படிப் பேசுவார் என்ற பழக்கத்திலும் இருக்கிறது. அதனால்தான் ஒருவரின் சுருக்கெழுத்தை இன்னொருவர் வாசிப்பது கடினம். சொந்தக் குறிப்பே சில வாரம் கழிந்தால் அந்நியமாகத் தெரியும். காகிதத்தில் இருந்தது பாதிச் செய்திதான்.

மெழுகுத் தாளும் முற்றுப்புள்ளியும்

அடுத்த படி பெருக்குவது. முந்நூறு மாணவர்களுக்குக் கேள்வித்தாள் வேண்டும் என்றால் வழி ஸ்டென்சில். எடிசன் காப்புரிமை பெற்ற ஒரு கருத்தைச் சிகாகோவின் ஏ.பி. டிக் நிறுவனம் 1887இல் ‘மிமியோகிராஃப்’ என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. ஹங்கேரியில் பிறந்த டேவிட் கெஸ்டெட்னர் லண்டனிலிருந்து உலகுக்குக் கொடுத்த சைக்ளோஸ்டைலும் அதே குடும்பம். நம் ஊர் அலுவலகங்களும் கட்சிகளும் சிற்றிதழ்களும் நன்கு அறிந்த இயந்திரம்.

ஸ்டென்சில் தாள் இரண்டு பொருளால் ஆனது. நீண்ட செடிநாரால் ஆன மிக மெல்லிய தாள், அதன்மேல் மை புகாத மெழுகு போன்ற பூச்சு. தட்டச்சுப் பொறியின் நாடாவை விலக்கிவிட்டு இந்தத் தாளில் அடித்தால், எழுத்து விழும் இடத்தில் பூச்சு விலகும். நார் மட்டும் வலைபோல மிஞ்சும். தாளை மை நிறைந்த உருளைமேல் சுற்றி ஓட்டினால், பூச்சு விலகிய இடங்கள் வழியே மை கசிந்து கீழே உள்ள தாளில் பதியும். கோலப்பொடி அச்சுத் தகட்டின் தத்துவமேதான். அந்தத் தகட்டில் ஒரு முழு வட்டத்தை வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும் என்பதால் இடையில் பாலம் விட்டு வெட்டுவார்கள். ஸ்டென்சிலில் அந்தப் பாலம் நார்.

இங்கேதான் இயற்பியல் கையில் வந்து உட்காருகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘எம்’மின் அச்சு அகன்றது, முற்றுப்புள்ளியின் அச்சு ஊசிமுனை. இரண்டையும் ஒரே விசையில் அடித்தால் ‘எம்’ பூச்சைச் சரியாக விலக்காது. முற்றுப்புள்ளி நாரையும் கிழித்துத் துளை போட்டுவிடும். ‘ஓ’வைக் கொஞ்சம் ஓங்கி அடித்தால் வட்டத்தின் நடு கழன்று, முந்நூறு கேள்வித்தாளிலும் ஒரு கரும்பொட்டாக விழும். எனவே கைவிசைத் தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டுபவர் பெரிய எழுத்துக்கு ஓங்கியும், புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் மென்மையாகவும், ‘ஓ’வுக்கு நடுத்தரமாகவும் அடிக்க வேண்டும். அதையும் வேகம் குறையாமல் செய்ய வேண்டும். பரப்புக்கு ஏற்ப விசையை மாற்றும் கணக்கு ஒரு நொடியில் பலமுறை விரலிலேயே நடந்தது.

தவறு விழுந்தால் தூரிகையால் திருத்தத் திரவம் பூசி, பூச்சு உலர்ந்ததும் அதே இடத்தில் மறுபடி அடிக்க வேண்டும். நாடா விலக்கப்பட்டிருப்பதால் அடித்தது கறுப்பாகத் தெரியாது. தாளில் வெளிறிய தடம் மட்டுமே. அதாவது, கேள்வித்தாளை அடித்த பெண் தன் வேலையைக் கிட்டத்தட்டப் பார்க்காமலேயே செய்தார்.

ஊதா நிறத்தின் விலை

குறைந்த பிரதிகள் போதும் என்றால் இன்னொரு பொறி இருந்தது. 1923இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரிட்ஸர்ஃபெல்ட் உருவாக்கிய ஸ்பிரிட் டூப்ளிகேட்டர். அதில் மூலத்தாளின் பின்பக்கம் மெழுகில் குழைத்த சாயத் தாளை வைத்து அடித்தால், எழுத்துகள் பின்பக்கத்தில் இடவலமாகச் சாயத்தில் பதியும். வெற்றுத் தாளை ஆல்கஹாலால் லேசாக ஈரப்படுத்தி அந்த மூலத்தாளோடு அழுத்தினால், சாயத்தின் மேலடுக்கு கொஞ்சம் கரைந்து வெற்றுத் தாளுக்கு மாறும். ஒவ்வொரு பிரதியும் மூலத்திலிருந்து ஓர் அடுக்கைத் தின்கிறது. நூறு பிரதி தாண்டும்போது எழுத்து வெளிறத் தொடங்கும்.

அந்தத் தாள்கள் பெரும்பாலும் ஊதாவாக இருந்ததற்கு வேதியியல் காரணம் உண்டு. 1856இல் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின் குயினைன் செய்ய முயன்று தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைப் பெற்றார். அதிலிருந்து கிளைத்த அனிலின் சாயத் தொழில் பின்னாளில் தந்த ஊதாச் சாயங்கள் மலிவானவை, ஆல்கஹாலில் எளிதில் கரைபவை, நூலளவு அடுக்கிலும் கண்ணுக்குத் தெரிபவை. கறுப்பில் அத்தனை குணமும் ஒன்றாக அமையவில்லை.

அன்றைய மாணவர்கள் அந்த ஈரத் தாளை முகர்ந்து பார்த்ததை இன்றும் ஆசையாகச் சொல்வார்கள். பொறிக்கு அருகிலேயே நாள் முழுவதும் நின்றவர்களின் அனுபவம் வேறு. அந்தத் திரவத்தில் பெருமளவு இருந்தது மெத்தனால். உடலுக்குள் போனால் அது ஃபார்மிக் அமிலமாக மாறும். பார்வை நரம்பைத் தாக்கும். அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் வாஷிங்டன் மாநிலப் பள்ளிகளில் இந்தப் பொறியை இயக்கிய உதவியாளர்களை ஆராய்ந்து 1984இல் முடிவுகளை வெளியிட்டது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மங்கிய பார்வை ஆகியவை அவர்களிடம் அதிகம் இருந்தன. பரிந்துரை எளிமையானது: காற்றை வெளியே இழுக்கும் விசிறி. பொறி புழக்கத்துக்கு வந்து அறுபது ஆண்டுகள் கழித்து, அது விடைபெறும் வேளையில் கிடைத்த பரிந்துரை அது.

ஊசியால் தேடுவது

ஆயிரம் பேரின் விவரம் சேர்ந்துவிட்டால் அதில் வேண்டியவரைக் கண்டுபிடிப்பது அடுத்த சிக்கல். தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தவும் வேண்டும், இசையும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பள்ளி கேட்டால் என்ன செய்வது? 1930களிலிருந்து அமெரிக்க அலுவலகங்களில் பரவிய ஓர் ஏற்பாடு, விளிம்பில் துளையிட்ட அட்டை. மெக்பீ நிறுவனம் ‘கீசார்ட்’ என்ற பெயரில் விற்றது. மின்சாரம் வேண்டாம்.

அட்டையின் நான்கு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொருள். ஒருவருக்கு இசை தெரியும் என்றால் அவர் அட்டையில் இசைக்கான துளையை விளிம்புவரை வெட்டித் திறந்துவிடுவார்கள். தேடும்போது அட்டைக் கட்டின் அந்தத் துளையில் நீண்ட ஊசியைச் செருகித் தூக்கினால், துளை மூடியிருக்கும் அட்டைகள் ஊசியோடு எழும். வெட்டிய அட்டைகள் கீழே விழும். விழுந்தவர்கள் எல்லாம் இசை தெரிந்தவர்கள். விழுந்த கட்டில் தொடக்கப் பள்ளித் துளைக்கு மறுபடி ஊசி. இரண்டாம் முறை விழுவது விடை.

எண்களுக்கு அதைவிட அழகான தந்திரம் இருந்தது. ஓர் இலக்கத்துக்கு நான்கு துளைகள் மட்டும்: 7, 4, 2, 1. இவற்றில் ஒன்றையோ இரண்டையோ வெட்டினால் 1 முதல் 9 வரை எல்லாம் கிடைத்துவிடும். 3 என்றால் 2உம் 1உம், 9 என்றால் 7உம் 2உம். கலைந்த கட்டை வரிசைப்படுத்த, முதலில் 1ஆம் துளையில் ஊசியிட்டு விழுந்தவற்றைக் கட்டின் பின்னால் சேர்க்க வேண்டும். பிறகு 2, 4, 7 என அதே செயல். நான்கு முறை தூக்கியதும் அந்த இலக்கப்படி மொத்தக் கட்டும் வரிசையாகிவிடும். மூன்று இலக்க எண்ணுக்குப் பன்னிரண்டு முறை. ஒரு கட்டில் எத்தனை அட்டை இருந்தாலும் எண்ணிக்கை மாறாது. கணினி அறிவியல் மாணவர்கள் இன்று ‘ரேடிக்ஸ் சார்ட்’ என்று படிக்கும் முறை இதுதான்.

ஊசி தானாக எதையும் அறியாது. எந்தத் துளை எதைக் குறிக்க வேண்டும், பின்னால் என்ன கேள்விகள் வரும் என்று முன்கூட்டி யோசித்துத் துளைகளைப் பங்கிட ஓர் ஆள் வேண்டும். இன்று தரவுத்தளம் வடிவமைப்பவர் செய்வது அதே வேலை.

விரல் அறிந்ததும் தலை அறியாததும்

இத்தனை கருவிகளுக்கும் நடுவில் இருந்தது தட்டச்சு. அதைப் பற்றிய ஆராய்ச்சியே எல்லாவற்றிலும் வியப்பு.

திரையில் ஓர் எழுத்தைக் காட்டி, அதற்குரிய விசையை அழுத்தச் சொன்னால் மனிதருக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது. பழகிய தட்டச்சரோ ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் இடையே ஐந்தில் ஒரு நொடிக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார். பார்த்து, முடிவு செய்து, அழுத்துவது என்று ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியே நடந்தால் இது முடியாத காரியம்.

திமத்தி சால்ட்ஹவுஸ் என்ற உளவியலாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில் 19 முதல் 72 வயதுவரை உள்ள தட்டச்சர்களைச் சோதித்தார். அடிக்க வேண்டிய உரையில் ஒரு நேரத்தில் எத்தனை எழுத்துகள் கண்ணில் படலாம் என்பதைக் கட்டுப்படுத்தினார். ஒரே எழுத்து மட்டும் தெரிந்தபோது தேர்ந்தவர்களின் வேகமும் சரிந்தது. முன்னே தெரியும் எழுத்துகள் கூடக் கூட வேகம் மீண்டது. கண் விரலுக்குப் பல எழுத்துகள் முன்னால் ஓடுகிறது. ஒரு விரல் அழுத்தும்போதே அடுத்த விரல்கள் தத்தம் விசைகளை நோக்கிக் கிளம்பிவிடுகின்றன.

வயது பற்றிய முடிவு இன்னும் சுவையானது. மூத்த தட்டச்சர்களின் எதிர்வினை வேகம் எதிர்பார்த்தபடியே குறைந்திருந்தது. தட்டச்சு வேகம் குறையவில்லை. அவர்கள் இளையவர்களைவிட இன்னும் தொலைவாக முன்னே பார்த்து அடித்தார்கள். விரலில் இழந்ததைக் கண்ணில் ஈடுகட்டினார்கள்.

அந்த அறிவு எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கார்டன் லோகனின் குழு, நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொற்கள் அடிக்கும் நூறு பேரிடம் வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னது. 26இல் சராசரியாகச் சுமார் 15 எழுத்துகளைத்தான் சரியான இடத்தில் வைத்தார்கள். நொடிக்குப் பலமுறை விரல் தவறாமல் போய்த் தொடும் இடம் எது என்று அந்த விரலின் சொந்தக்காரருக்கே தெரியவில்லை.

லோகனும் மேத்யூ கிரம்பும் 2010இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், தட்டச்சர் செய்த தவறுகள் சிலவற்றைக் கணினி இரகசியமாகத் திருத்திக் காட்டியது. சரியாக அடித்த சில இடங்களில் பிழையைப் புகுத்தியது. திரையைப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். செய்யாத பிழையைத் தமது என்றார்கள், செய்த பிழையை மறந்தார்கள். விரல்கள் ஏமாறவில்லை. உண்மையில் தவறிய இடங்களில் மட்டும் விரல்கள் ஒரு கணம் தயங்கி மெதுவாயின. தவறைக் கண்டுகொள்ளும் ஏற்பாடு இரண்டு இருக்கிறது: ஒன்று கண்ணை நம்புகிறது, மற்றது கைக்குள்ளேயே வேலை செய்கிறது. எழுத்து தெரியாத ஸ்டென்சிலில் அடித்த பெண்ணுக்கு அந்த இரண்டாவது எவ்வளவு உதவியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அளந்ததும் அளக்காததும்

1959இல் ஜெராக்ஸ் 914 சந்தைக்கு வந்தது. ஆசிரியர் கல்லூரிகளும் ஒவ்வொன்றாக மாநிலக் கல்லூரிகளாகவும் பல்கலைக்கழகங்களாகவும் பெயர் மாற்றிக்கொண்டன. மின்தட்டச்சு எல்லா எழுத்துக்கும் விசையைத் தானே கொடுத்தது. முற்றுப்புள்ளிக்கு மென்மை காட்டும் விரல் தேவையில்லாமல் போனது. ஒரு புதிய பொறி வந்தால் அதை வாங்கியவர், விலை, தேதி எல்லாம் கோப்பில் ஏறும். அது எந்தத் திறனுக்கு மாற்றாக வந்தது என்று எந்தக் கோப்பும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருக்கவும் முடியாது, வைத்திருந்தவருக்கே சொல்லத் தெரியாத அறிவு அது.

வேலைக்கு எடுக்கும்போது அலுவலகங்கள் ஒன்றைத்தான் அளந்தன: நிமிடத்துக்கு எத்தனை சொல். நம் ஊர் லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகளும் அதே அளவுகோலை வைத்தவைதான். அந்த வேகத்தை விரலின் சுறுசுறுப்பு என்று கருதியதால், வயது ஏறினால் குறையும், யாரை வேண்டுமானாலும் பழக்கி அந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. ஆய்வுக்கூடம் காட்டியது வேறு. வேகத்தைக் கொடுத்தது முன்னால் ஓடும் கண். அந்தக் கண்ணை முன்னால் ஓட வைத்தது பல ஆண்டுப் பழக்கம். ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருபது ஆண்டு இருந்தவரின் மதிப்பு அந்த ஒரே எண்ணுக்குள் அடங்காது என்பதற்கு, 72 வயதுவரை குறையாமல் நின்ற அந்த வேகமே சான்று.